கற்படிமங்களும் மாணவர் குறும்படங்களும்

கையகத்துத் தொலைபேசியே படப்பெட்டியாகவும் பயன்படும் இந்நாளில், அருங்காட்சியகத்திற்குச் செல்லும் மாணவர் ஆங்குக் கண்டவற்றை ஓரிரு நிமிடக் குறும்படமாக்கிப் பிறர்க்குக் காட்டி வருகின்றனர். இது பாராட்டற்குரியதே. எனினும், உயிர்களின் பரிணாமத்தைப் படமாக்கப் புகுவோர் உளங்கொள்ள வேண்டுவன சில உள. அவற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

அரியலூரையடுத்த வாரணவாசியில் தொல்லுயிர்ப் படிமங்களுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகட்கு முன்னர் அப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. கே, கன்லிப் என்னும் இருவர் தென்னாட்டில் திரட்டிய படிமங்களை எட்வர்டு போர்ப்ஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். அக்கடல் விட்டுச்சென்ற எச்சங்களுள் அம்மோனைட்டு சிறந்ததொன்று.

அம்மோனைட்டு, கணவாய்க்கு உறவான கடலுயிர். அதன் சுருண்ட ஓட்டினுள் பல அறைகள் உள. இறுதி அறையில் உயிர் வாழ்ந்தது. ஏனையவை மிதப்பதற்கு உதவின. அறைச்சுவர் ஓட்டோடு பொருந்துமிடத்தில் ஒரு வரை தோன்றும். மேலோடு தேய்ந்த படிமத்தில், ஒளியைப் பக்கவாட்டிற் பாய்ச்சினால் அவ்வரை தெளிவாய்ப் புலப்படும். 30 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட கோனியாடைட்டு என்னும் முன்னோரிடத்து அவ்வரை எளிய வளைவுகளாகவே இருந்தது. அரியலூர்க் கடலில் வாழ்ந்தவற்றிலோ, அது பன்முறை கிளைத்து இலை விளிம்புபோல் நுணுகியது. பரிணாமத்தை விளக்க இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரு படிமம் மற்றொன்றாக உருமாறுவதுபோற் காட்டுதல் கணிப்பொறியால் எளிது, காண்போர்க்கும் இனிது. ஆயினும் அது பிழைபட்ட பாடமாம். தனியோர் உயிர் தன் வாழ்நாளிற் பிறிதோர் இனமாவதில்லை. பிறக்கும் குட்டிகளிடையே காணும் சிறு வேறுபாடுகளுள் வாழ்வுக்கு உதவுவன தலைமுறைதோறும் பெருகுதலால் இனமே மெல்ல மாறுகின்றது. ஆதலின், படிமங்களைக் கால வரிசையில் நிறுத்தி, இடையே கழிந்த ஆண்டுகளையும் குறித்தல் வேண்டும். அம்மோனைட்டுகள் ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகட்கு முன்னர் அழிந்தொழிய, எளிய வரையுடைய நாட்டிலசு இன்றும் கடலில் வாழ்வதையும் சொல்லுதல் நன்று. பரிணாமம் மேன்மேல் ஏறும் படிக்கட்டன்று என்பது அதனால் விளங்கும்.

கண்டது வேறு, கருதியது வேறு. 2020-இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபொழுது, அவை டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவிற்று. வல்லுநர் ஆராய்ந்து, அவை முட்டைகளல்ல, அம்மோனைட்டு சார்ந்த படிவங்களே என்றனர். வதந்தி ஒரே நாளில் ஊர் கடந்தது; திருத்தமோ அத்துணை விரைந்து செல்லவில்லை. படம் எடுப்பவனுடைய பொறுப்பு இத்தகையது.

ஆகவே, மாணவர்காள்! படிமத்தின் அருகே அளவுகோலை வையுங்கள். அது கிடைத்த ஊரையும் பாறை அடுக்கையும் கூறுங்கள். கண்ணாற் கண்டதை முதலிலும், அதனின்று அறிஞர் துணிந்ததைப் பின்னரும் பிரித்துரையுங்கள். இங்ஙனம் செய்யின், உங்கள் ஒரு நிமிடப் படமும் ஒரு நற்பாடமாய் விளங்கும்.