புகையைத் தள்ளி நிறுத்தும் காற்று

பலூனில் ஊசித்துளை விழுந்தால் காற்று எந்தப் பக்கம் போகும்? உள்ளிருந்து வெளியேதான். வெல்டிங் தொழிலாளர் அணியும் காற்றூட்டத் தலைக்கவசமும் இந்த விதிப்படியே இயங்குகிறது.

வெல்டிங் புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டரைவிடச் சிறியவை. நுரையீரலின் ஆழம்வரை செல்லும். 2017இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் இப்புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது.

இடுப்பில் கட்டிய மின்விசிறி, சுற்றியுள்ள காற்றை வடிகட்டி வழியாக இழுத்துக் கவசத்துக்குள் செலுத்துகிறது. உள்ளே அழுத்தம் கூடுவதால் விளிம்பு இடைவெளிகளில் காற்று வெளியேறும், புகை நுழையாது. ஆனால் மின்கலம் தளர்ந்தாலோ வடிகட்டி அடைத்தாலோ அழுத்தம் குறையும். அப்போது நீங்கள் பலமாக மூச்சிழுத்தால் புகையும் சேர்ந்து வரும்.

எனவே, ஒவ்வொரு முறையும் அணியுமுன் காற்றோட்டத்தை அளந்து பாருங்கள். குழாயில் வெடிப்பும் முகத்துணியில் கிழிசலும் உண்டா என்று பாருங்கள். அடைத்த வடிகட்டியைத் தட்டியோ, கழுவியோ, காற்றடித்தோ மீண்டும் பயன்படுத்தாதீர்கள். இழைகள் சிதைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. புதியதை மாட்டுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள்: வடிகட்டி ஆக்சிஜனை உண்டாக்காது. ஆர்கான் வாயு தேங்கிய தொட்டிக்குள் இக்கவசம் உயிரைக் காக்காது. அங்கே வெளியிலிருந்து தூய காற்றைத் தரும் சுவாசக் கருவி வேண்டும்.