கணினிக்கு நம் பாட்டியின் தமிழ் புரியுமா?



கைப்பேசியில் தமிழ்க் குரல் தட்டச்சைத் திறந்து, 'பாட்டி கிள்ளான் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தார்' என்று சொல்லுங்கள். பிறகு அதையே உங்கள் பாட்டியைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் சரியாக எழுத்தாகின்றனவா? பிழை வந்தால் பாட்டியின் பேச்சைக் குறை சொல்லாதீர்கள். அப்படிப்பட்ட பேச்சைக் கணினி போதிய அளவு கேட்டிராமல் இருக்கலாம்.

கணினி எப்படிக் கேட்கிறது?

நாம் பேசும்போது காற்றில் அழுத்த அலைகள் உண்டாகின்றன. ஒலிவாங்கி அவற்றை மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. பேச்சை அறியும் மென்பொருள்களுக்காக அந்தச் சமிக்ஞை பொதுவாக விநாடிக்கு 16,000 முறை அளக்கப்படுகிறது. அப்படியானால், 5 விநாடி வாக்கியம் 80,000 எண்களாகிறது!

இந்த எண்களில் எந்த அமைப்பு எந்த எழுத்தைக் குறிக்கிறது? 'கடல்', 'தங்கம்', 'பகல்' ஆகிய சொற்களை உரக்கச் சொல்லுங்கள். எழுத்து ஒரே 'க'தான். ஒலியோ மூன்று விதம். இதைக் கணினி ஏராளமான குரல் பதிவுகளையும் அவற்றுக்குரிய எழுத்து வடிவத்தையும் ஒப்பிட்டுத்தான் கற்கிறது. இளைஞர் குரல் மட்டும் கிடைத்தால், முதியவர் பேச்சில் அது தடுமாறும்.

குரல் கொடை

இதற்காக மொசில்லா நிறுவனம் 2017இல் 'காமன் வாய்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. அதில் தமிழும் உண்டு. திரையில் தோன்றும் வாக்கியத்தை ஒருவர் வாசித்துப் பதிவு செய்வார். மற்றவர்கள் அதைக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். சொல்லை விட்டாலோ மாற்றினாலோ பிழை. உச்சரிப்புப் பாணி ஊருக்கு ஊர் மாறுவது பிழையன்று. அந்த வேறுபாடுதான் கணினிக்குத் தேவையான பாடம்.

ஆனால், வாக்கியத்தில் இல்லாத சொல் பதிவிலும் இராது. 'பிரிக்பீல்ட்ஸ்', 'பாசார்', 'தாப்பாவ்' போன்ற நம் அன்றாடச் சொற்களைக் கணினி அறிய வேண்டுமானால், அவை இடம்பெறும் சிறு வாக்கியங்களை நாமே எழுதித் தரலாம். வாக்கியம் சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும். எண்களை இலக்கத்தில் எழுதாமல் சொல்லாக எழுத வேண்டும்.

கொடுக்கும் முன் யோசியுங்கள்

இத்திட்டத்தின் பதிவுகள் பொதுவுடைமையாக வெளியிடப்படுகின்றன. யாரும் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம். பிறர் பதிவிறக்கிய பிரதியைத் திரும்பப் பெற முடியாது. குரலும் கைரேகையைப் போல ஓர் அடையாளமே. ஆகவே, பெற்றோரிடம் விளக்கி, அவர்கள் அனுமதியோடும் மேற்பார்வையிலும் மட்டுமே பங்கேற்க வேண்டும். பாட்டியின் குரலைப் பதிவதற்கும் முதலில் பாட்டியின் சம்மதம் வேண்டும். நீங்கள் எழுதும் வாக்கியங்களில் யாருடைய முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண்ணும் வேண்டாம்.

கணக்கிட்டுப் பாருங்கள்

தொடக்கத்தில் சொன்ன வாக்கியத்தில் 7 சொற்கள் உள்ளன. மாறிய, விடுபட்ட, கூடுதலாக வந்த சொற்களை எண்ணி 7ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 2 பிழை என்றால் சுமார் 29 விழுக்காடு. இதுவே 'சொற்பிழை வீதம்'. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் இதைக் கணக்கிட்டு அட்டவணையாக எழுதுங்கள். யாருடைய வீதம் அதிகமோ, அவர் பேசும் தமிழைக் கணினி இன்னும் கற்க வேண்டியிருக்கலாம்.