நோயாளியின் நாணமும் நிர்விசிகிச்சையும்

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்றாவது நிர்விசிகிச்சை. நோயுற்ற உடலைக் கண்டு அருவருப்புக் கொள்ளாமை என்று அதற்குப் பொருள் கூறுகிறோம். இது பணிவிடை செய்வோர் பக்கம் நின்று கூறும் பொருள். படுக்கையில் கிடப்பவர் பக்கம் நின்றும் இதனைச் சிறிது நோக்குவோம்.

தத்வார்த்த சூத்திரத்தின் 9-ஆம் அத்தியாயம் 22 பரீஷஹங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஆடையின்மை, யாசனை, நோய், உடலழுக்கு, மதிப்புக் கிட்டாமை ஆகியவை மருத்துவமனையில் சேர்ந்த இல்லறத்தாரை ஒரே நாளில் வந்தடைகின்றன. முனிவர் விரும்பி ஏற்றுத் தாங்குபவை அவை. நோயாளிக்கோ கேளாமலே வந்தவை. அறுவைக்கு முன் அணிகலன்களைக் கழற்றச் சொல்வர். முதுகுப்புறம் முடிச்சிட்ட அங்கியை அணிவிப்பர். பெயர் மறைந்து கட்டில் எண்ணே பெயராகிவிடும். இவற்றினும் கொடியது மலசலத்திற்குப் பிறரை அழைக்க நேர்வது. அழைக்க நாணி, நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்ளும் முதியோர் உண்டு. அதனால் உடல் மேலும் நலிகிறது.

இவ்வங்கத்திற்கு எடுத்துக்காட்டாகிய உத்தாயண மன்னன் கதையை நாம் அறிவோம். தேவன் ஒருவன் தொழுநோயுற்ற முனிவர் வடிவில் வந்து, உண்ட உணவை வாந்தியெடுத்தான். நாற்றம் தாங்காமல் ஏவலர் ஓடினர். மன்னனும் பிரபாவதி தேவியும் அருகிருந்து துடைத்தனர். அவர்கள் மீதே மீண்டும் வாந்தியெடுத்தபோது, ஒவ்வாத உணவை அளித்துவிட்டேனே என்று மன்னன் தன்னையே நொந்துகொண்டான். இவ்விடத்தைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். துடைத்தது பெரிதுதான், ஆயினும் நோயாளிக்குரிய வெட்கத்தை அவன் தன் மேல் ஏற்றுக்கொண்டது அதனினும் பெரிது.

பத்துப் பிராணங்களுள் மனோபலமும் ஒன்று. கவனமின்மையால் அதனைக் குலைப்பதும் ஹிம்சையே. தொடுமுன் சொல்லித் தொடுதல், திரையை முழுதும் இழுத்துவிடுதல், நோயாளியின் தலைக்கு மேலாகப் பிறரோடு அவர் நோயைப் பேசாதிருத்தல் ஆகியவற்றிற்குப் பொருட்செலவில்லை. செவிலியரை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. ஒருவரே பல கட்டில்களைக் கவனிக்கும் இரவுகள் அவர்களுக்கு உண்டு. கூட்டமாகச் சென்று கட்டிலைச் சூழ்ந்து நிற்கும் உறவினராகிய நாமும் திரை விலகியிருப்பதைக் கவனிப்பதில்லை.

நம்மவர்க்கு மற்றொரு கூச்சமும் உண்டு. இரவில் உண்ணா விரதத்தையும் கிழங்கு விலக்கையும் எடுத்துச் சொன்னால் தொல்லை தருபவராகக் கருதப்படுவோமோ என்று அஞ்சி, வந்த தட்டைத் தொடாமலே திருப்பியனுப்புகின்றனர். சேர்க்கும் அன்றே இல்லத்தார் இதனை மருத்துவரிடமும் செவிலியரிடமும் கூறிவிட்டால், கதிரவன் மறையுமுன் உணவு தரவும் மருந்து வேளையை அதற்கேற்ப அமைக்க இயலுமா என ஆராயவும் வழியுண்டு. நோயாளி தம் வாயால் யாசிக்க வேண்டியவற்றுள் ஒன்றாவது குறையும்.