விரியன் என்றால் எந்த விரியன்?

அன்புள்ள அம்மிணிக்கு,

திருப்பூர் மாவட்டத்துத் தவளை, தேரை, பல்லி, பாம்புகளுக்கு நீங்கள் மாணவர்களாகச் சேர்ந்து இணையக் கையேடு தொகுப்பதை எழுதியிருந்தாய். ஒவ்வோர் உயிருக்கும் சரியான தமிழ்ப் பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊர்ப் பெயர்களைக் கொச்சை என்று ஒதுக்கி, லத்தீன் பெயரை மொழிபெயர்த்து ஒரு 'தூய' பெயரை ஒட்டவைக்கும் பழக்கம் பரவிவருகிறது. பக்கம் பார்க்க ஒழுங்காக இருக்கும். அந்தப் பாம்பைத் தினம் பார்க்கும் பண்ணையாளுக்கு மட்டும் அது எந்தப் பாம்பு என்று தெரியாது.

'விரியன்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் மூன்றுக்கும் அதே பெயர். முதல் இரண்டும் ஒரு குடும்பம். கட்டுவிரியனோ நல்ல பாம்பின் குடும்பம். கண்ணாடி விரியன் கடித்த இடம் வீங்கும், கடுமையாக வலிக்கும், ரத்தம் உறையாமல் கசியும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். பல் பட்ட தடமே தெரியாமல் போகலாம், வீக்கமும் அநேகமாக இராது. கடிபட்டவர் வயிற்றுவலி என்று எழுந்து உட்காருவார்; பிறகு இமை சொருகும், மூச்சுத் தசைகள் செயலிழக்கும். விரியன் கடித்தால் வீங்கும் என்று நம்பும் வீட்டார், வீக்கம் இல்லையே என்று விடியும்வரை காத்திருந்தால் உயிர் போகும். இதே கட்டுவிரியனைச் சில ஊர்களில் எண்ணெய் விரியன் என்கிறார்கள், சிலர் கட்டுவரியன் என்கிறார்கள். உடம்பில் வெள்ளை வரி ஓடும் பாம்புக்கு வரியன் என்பதுதான் பொருத்தம். அதுவே மூலப் பெயர், ஒலி நெருக்கத்தால் விரியன் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது என்பது என் கட்சி. வெள்ளிக்கோல் வரையன் என்ற நஞ்சில்லாப் பாம்பின் பெயரும் எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. அந்த வரையனுக்குப் பட்டைகள் கழுத்தருகே தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் மங்கி வால் பக்கம் தெளியும். இரண்டையும் வரிப்பாம்பு என்று ஒரே பெயரால் அழைக்கும் ஊர் இருந்தால், அதைத்தான் கையேடு முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. பெயர்க் குழப்பத்தைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது.

ஊர்ப் பெயர் அறிவியலுக்கு ஆகாது என்பவர்களுக்கு பேட்ரிக் ரஸ்ஸலைக் காட்டு. சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் அவர் வெளியிட்ட நூலில் மக்கள் சொன்ன பெயர்களே படங்களுக்கு அடையாளம். கண்ணாடி விரியன் அங்கே 'காடுக ரேகுல பொட' என்ற தெலுங்குப் பெயரில் நிற்கிறது. அறிவியல் அதற்கு ரஸ்ஸலின் பெயரைச் சூட்டியது மறு ஆண்டில்தான். ஆரணியிலிருந்து கிடைத்த ஒரு பாம்பை அவர் 'ஹொரட்டா பாம்' என்று எழுதினார். அது சுருட்டை விரியன். சுருட்டைப் பாம்பு என்று யாரோ சொன்னது அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். உடலைச் சுருட்டி, செதில்களை உரசிச் சீறும் பாம்புக்கு அதைவிடத் துல்லியமான பெயர் எங்கே கிடைக்கும்? 2016இல் விவரிக்கப்பட்ட ஓர் ஓணானின் அறிவியல் பெயரோ 'சிட்டானா விசிரி'. தொண்டைத் தோல் விசிறியாக விரிவதால், நம் விசிறியே அதற்குப் பெயராகிவிட்டது.

பல பெயர் இருந்தால் தேடுபவர் குழம்புவாரே என்பாய். குழப்பத்தைத் தீர்க்க அறிவியல் பெயர் இருக்கிறது. தலைப்பில் அதையும் பரவலான தமிழ்ப் பெயர் ஒன்றையும் வை. ஆனால் அறிவியல் பெயரும் அசையாத கல் அல்ல. நம் வீட்டுத் தேரை 2006 வரை 'பூஃபோ', இன்று 'டட்டாஃபிரைனஸ்'. இணையக் கையேட்டில் பழைய பெயரையும் மாறிய தேதியையும் கூடவே வைக்கலாம். அச்சான பிறகு மாறும் பெயரைப் புத்தகத்தால் சேர்க்க முடியாது. ஊர்ப் பெயரோடு மூடநம்பிக்கையும் வருமே என்பது இன்னொரு தடை. வரட்டும். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்பதையும், அரணைக்கு நஞ்சு உண்டு என்பதையும் நம்பிக்கை என்றே குறித்து, இரண்டுக்கும் மனிதரைக் கொல்லும் நஞ்சு இல்லை என்று பக்கத்திலேயே எழுது. மறைத்துவிட்டால், நம்புகிறவர் திருந்த வழியே இல்லை. மறைக்க வேண்டியது ஒன்று உண்டு: நட்சத்திர ஆமையும் மண்ணுளிப் பாம்பும் இருக்கும் துல்லியமான இடம். கடத்துபவர்களும் உங்கள் கையேட்டைப் படிப்பார்கள். அடையாளம் காண்பதற்காக யாரும் பாம்பைப் பிடிக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்தே சிகிச்சை தருவார்.

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊர், தேதி, சொன்னவரின் தொழில் மூன்றையும் குறியுங்கள். காங்கேயம் பக்கம் கிளுவை வேலிக்குள் ஆடு மாடு மேய்ப்பவர் சொல்லும் பெயரும், நொய்யல் கரையில் கேட்கும் பெயரும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து லைன் வீட்டுத் தரையில் படுக்கும் பீகார்த் தொழிலாளிக்குக் கட்டுவிரியன் 'கரைத்'; ஆங்கிலப் பெயரே அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். அவரையும் கேட்டு எழுதுங்கள். முதல் பக்கம் கட்டுவிரியனுக்காக இருக்கட்டும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அதை முடித்து எனக்கு அனுப்பு.