புனர்பூசத்தில் ஒரு பெருங்கோள்

முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் செழிக்கும் மார்க்கையன்கோட்டை வயல்வெளியில் நின்று, மாசி மாத இரவில் ஒன்பது மணியளவில் அண்ணாந்து நோக்குவோர், உச்சிவானுக்குச் சற்று வடக்கே இரு விண்மீன்கள் அருகருகே ஒளிர்வதைக் காணலாம். இந்திய வானியல் மரபு இவ்விணையைப் புனர்பூசம் என வழங்குகிறது. வெண்ணிறமுடையது காஸ்டர், செம்மஞ்சள் நிறத்தில் சற்றுக் கூடுதலாக ஒளிர்வது போலக்ஸ். சூரியனின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு விட்டமுடைய போலக்ஸ், 34 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்று கண்ணை வந்தடையும் அதன் ஒளி, அதனைக் காணும் மாணவர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே புறப்பட்டதாகும்.

இவ்விண்மீனை ஒரு பெருங்கோள் சுற்றிவருவதாக 2006ஆம் ஆண்டு வானியலாளர் அறிவித்தனர். அதன் நிறை வியாழனின் நிறையைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 590 நாள்கள் ஆகின்றன. 2015இல் அதற்குத் தெஸ்டியாஸ் எனப் பெயரிடப்பட்டது. ஆயினும், அக்கோளை எவரும் தொலைநோக்கியில் நேரே கண்டதில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை எவ்வாறு அறிந்தனர்?

விண்மீன் கோளை ஈர்ப்பதுபோலவே கோளும் விண்மீனை ஈர்க்கிறது. அதனால் விண்மீனும் சிறிது அசைகிறது. அது புவியை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமாகவும், விலகும்போது சிவப்புப் பக்கமாகவும் நகரும். இதனை டாப்ளர் விளைவு என்பர். போலக்ஸின் வேகத்தில் காணப்பட்ட ஏற்ற இறக்கம் நொடிக்குச் சில பத்து மீட்டர்களே. அந்நுண்ணிய அசைவே கோளைக் காட்டிக்கொடுத்தது.

இதே விளைவு, தேனிக்கு அருகிலுள்ள கொடைக்கானலில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பயன்பட்டது. அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்வதை அளந்து, அப்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அது எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது.

அக்கண்டுபிடிப்பு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. நிறமாலைக் கோடுகளை நகர்த்தக் கோள்தான் வேண்டும் என்பதில்லை. விண்மீனின் மேற்பரப்பில் நிகழும் பாய்வுகளும் புள்ளிகளும் அவற்றை நகர்த்தவல்லவை. போலக்ஸுக்கு மெலிந்த காந்தப்புலம் உண்டென 2009இல் அறியப்பட்டதும் இவ்வையத்துக்கு இடமளித்தது. எனினும், விண்மீனின் புள்ளிகள் தோன்றி மறைபவை. கோளின் சுற்றுக்காலமோ மாறாதது. ஏறத்தாழ 25 ஆண்டுக்கால அளவீடுகளில் போலக்ஸின் அசைவு ஒரே சீராக நீடித்தமையே கோளுக்கு வலுவான சான்றாயிற்று. இனிவரும் அளவீடுகளிலும் அச்சீர் குலையாதிருக்குமாயின் சான்று மேலும் வலுப்பெறும். குலையுமாயின் முடிவை மாற்றிக்கொள்வதே அறிவியலின் நெறி.