ஒரே நெருப்பில் இரண்டு வேலை
மொரீசியஸ் தீவின் கரும்புச் சக்கை தரும் பாடம்

ஊரை விட்டு வந்து முகாமிலும் உறவினர் வளவிலும் வாழ்ந்தவர்களுக்கு விறகின் அருமையை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு கட்டு விறகுக்காக எத்தனை கட்டை தூரம் நடந்தோம் என்பது எங்கள் கால்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் பல தாய்மார் இரண்டு வாய் உள்ள மண் அடுப்பைப் போட்டுக்கொண்டார்கள். முன்வாயில் விறகு எரியும், அதன் மேல் சோறு வேகும். அதே சூடு பின்பக்கம் போய்ப் பின்வாயில் கறியைக் கொதிக்க வைக்கும். விறகு ஒன்று, வேலை இரண்டு.

இதே முறையைப் பெரிய அளவில் கையாண்டு ஒரு சிறிய தீவு தனக்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கைப் பெற்றது. அதற்கு அரசாங்கம் என்ன செய்தது, கமக்காரருக்கு என்ன கிடைத்தது என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. இணை உற்பத்தி என்றால் என்ன?

அனல் மின்நிலையத்தில் எரிபொருளை எரித்து நீரைக் கொதிக்க வைக்கிறார்கள். அழுத்தமான நீராவி சுழலியைச் சுற்றுகிறது. சுழலி மின்பிறப்பாக்கியைச் சுற்றுகிறது. வேலை முடித்து வெளியே வரும் நீராவியில் இன்னும் நிறையச் சூடு இருக்கும். சாதாரண மின்நிலையம் அந்தச் சூட்டைக் கடல்நீரிலோ காற்றிலோ விட்டுவிடுகிறது. எரித்த எரிபொருளின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மற்றது வீண்.

பக்கத்திலேயே சூடு தேவைப்படும் ஆலை ஒன்று இருந்தால் அந்த நீராவியை அதற்குக் கொடுக்கலாம். இப்படி ஒரே நெருப்பில் மின்சாரத்தையும் பயன்படும் சூட்டையும் பெறுவதையே இணை உற்பத்தி என்கிறோம்.

2. சீனி ஆலைக்கு இது ஏன் பொருந்துகிறது?

100 தொன் கரும்பைப் பிழிந்தால் ஏறக்குறைய 30 தொன் சக்கை மிஞ்சும். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சீனியாக்க ஆலைக்கு நீராவி வேண்டும். சக்கையை எரித்து உண்டாக்கும் நீராவி முதலில் சுழலியைச் சுற்றலாம்; பிறகு சாற்றைக் காய்ச்சலாம். எரிபொருள் ஆலையின் வாசலிலேயே கிடக்கிறது.

ஆனால் நெடுங்காலமாகப் பல நாட்டுச் சீனி ஆலைகள் சக்கையைச் சிக்கனமாக எரிக்கவில்லை. பழைய கொதிகலன்களில் அதை எரித்துத் தீர்ப்பதே நோக்கமாக இருந்தது. மிச்சம் பிடித்தால் குவித்து வைக்க இடம் வேண்டும். தீப்பிடிக்கும் பயமும் உண்டு. மேலதிக மின்சாரம் செய்தாலும் நல்ல விலைக்கு வாங்க ஆள் இல்லை. விலை இல்லாத பொருளை யார் பாதுகாப்பார்?

3. மொரீசியஸ் அரசாங்கம் செய்தது

மொரீசியஸ் இந்து சமுத்திரத்திலுள்ள சிறு தீவு. அங்கே எண்ணெயும் இல்லை, நிலக்கரியும் இல்லை. கரும்பு இருக்கிறது. 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏராளமானோர் அங்கு கொண்டு செல்லப்பட்டார்கள். தமிழரும் அவர்களுள் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, அவர்களிற் பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் காணி வாங்கிச் சிறு கரும்புக் கமக்காரரானார்கள்.

அங்கே 1957ஆம் ஆண்டிலேயே சென் அந்துவான் என்ற சீனி ஆலை தனது மேலதிக மின்சாரத்தைப் பொது மின்வலையமைப்புக்கு விற்றது. எனினும் ஆலைகள் தங்களிடம் மிஞ்சியதை மட்டும் விற்றன. அறுவடை இல்லாத மாதங்களில் மின்சாரம் வராது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது நாடு கஷ்டப்பட்டது. அதன் பின்னர் அரசாங்கம் படிப்படியாகச் சட்டங்களைச் செய்தது.

1985இல் வந்த சட்டம், மின்சாரத்துக்குப் பயன்படும் சக்கைக்கு ஒரு விலை உண்டு என்ற நிலையை உண்டாக்கியது. 1988ஆம் ஆண்டின் சீனிக் கைத்தொழில் வினைத்திறன் சட்டம், சக்கையை மிச்சம் பிடித்து மின்சாரம் செய்யும் ஆலைகளுக்கு வரிச்சலுகை கொடுத்தது. 1991இல் சக்கையிலிருந்து சக்தி பெறும் அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. மின்சார சபை நீண்டகால ஒப்பந்தத்தில் மின்சாரத்தை வாங்க முன்வந்தது. நிச்சயமான விலை இருந்ததால் ஆலைகள் துணிந்து கடன் வாங்கி உயர் அழுத்தக் கொதிகலன்களைப் பொருத்தின. 2000ஆம் ஆண்டில் பெல் வ்யூ என்ற இடத்தில் 70 மெகாவாற் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஒரு தொன் சக்கையிலிருந்து பழைய ஆலைகளை விடப் பல மடங்கு மின்சாரத்தை இத்தகைய நிலையங்கள் தந்தன.

அரசாங்கம் பணத்தை அள்ளிக் கொடுத்ததால் மட்டும் இது நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்களிடம் வாங்குவோம், இந்த விலைக்கு வாங்குவோம், இத்தனை ஆண்டுகளுக்கு வாங்குவோம் என்ற எழுத்து மூலமான உறுதியே பெரிய ஊக்குவிப்பாக இருந்தது.

4. கமக்காரரின் பங்கு

இனி எங்களுக்கு முக்கியமான கேள்விக்கு வருவோம். சக்கை யாருடையது? கரும்பை நட்டவர் கமக்காரர். பிழிந்தது ஆலை. சீனியைப் பொறுத்தவரை அங்கே தெளிவான முறை இருந்தது: நெடுங்காலமாக 78 சதவீதம் கரும்பு தந்தவருக்கு, 22 சதவீதம் ஆலைக்கு. சக்கைக்கு அப்படி ஒரு பங்கு இல்லை. அது ஆலையிலேயே தங்கியது.

சக்கைக்கு விலை வந்தபின் கமக்காரர் பங்கு கேட்டார்கள். அதற்கென ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. அதன் மூலம் கரும்பு கொடுத்தவர்களுக்கும் பணம் கிடைத்தது. 1994இல் சீனி முதலீட்டு நம்பிக்கை நிதியம் ஏற்படுத்தப்பட்டது. அதன் வழியாகச் சிறு கமக்காரரும் தொழிலாளரும் ஆலைக் கம்பனிகளில் 20 சதவீதப் பங்கை வாங்க முடிந்தது. ஒரு காலத்தில் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் ஆலையின் பங்காளர்களானார்கள்.

ஆயினும் சக்கைக்குக் கிடைக்கும் பணம் மிகக் குறைவு என்ற முறைப்பாடு ஓயவில்லை. 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் சீனிக்குக் கொடுத்த விலையை நான்கு ஆண்டுகளில் 36 சதவீதம் குறைத்தது. சிறு கமக்காரர் பலர் கரும்புக் காணியைக் கைவிட்டார்கள். கரும்பு இல்லாவிட்டால் சக்கையும் இல்லை. சக்கைக்கான கொடுப்பனவை அரசாங்கம் பின்னர் உயர்த்த நேர்ந்தது. கமக்காரரை மறந்த திட்டம் தன் அடுப்புக்கே விறகில்லாமற் செய்துகொள்ளும்.

இன்னொரு குறையும் உண்டு. கரும்பு அறுவடை ஏறக்குறைய ஆறு மாதங்களே நடக்கும். மற்ற மாதங்களில் அதே நிலையங்கள் இறக்குமதி நிலக்கரியை எரித்தன. காலப்போக்கில் சக்கையை விட நிலக்கரியிலிருந்தே கூடுதலான மின்சாரம் வந்தது. சக்கையின் பெயரால் தொடங்கிய வழி நிலக்கரிக்கும் வாசலைத் திறந்துவிட்டது.

5. நாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது

எங்கள் ஊர்களில் சீனி ஆலை இல்லாமல் இருக்கலாம். ஆனால் நெல் அவிக்கும் ஆலை உண்டு. அங்கே உமி எரிகிறது. அந்தச் சூடு நெல்லை மட்டும் அவிக்கிறது. நாளை யாராவது வந்து, உங்கள் உமியைத் தாருங்கள், மின்சாரம் செய்யப் போகிறோம் என்று சொல்லக்கூடும். அது நல்ல காரியமே. ஆனால் உமியைக் கொடுக்கு முன் கமக்காரர் சங்கத்தில் கூடி இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

அ. மின்சாரத்தை வாங்குபவர் யார்? விலையும் காலமும் எழுத்தில் உண்டா?

ஆ. உமிக்கு அல்லது சக்கைக்கு எங்களுக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு? நிறையை யார் நிறுப்பார்?

இ. மாட்டுக்கும் வயலுக்கும் அடுப்புக்கும் நாங்கள் வைத்திருக்க வேண்டியது போக எவ்வளவு மிஞ்சும்?

ஈ. அறுவடை இல்லாத மாதங்களில் எதை எரிப்பார்கள்?

காணியையும் வீட்டையும் ஒருமுறை இழந்தவர்கள் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி இருக்க முடியாது. எரிந்து சாம்பலாகும் பொருளுக்கும் பெறுமதி உண்டு. அந்தப் பெறுமதியில் எங்கள் பங்கை நெருப்பு மூட்டு முன்னரே எழுதி வாங்கிக்கொள்வோம்.