விற்பதும் விற்கலாகாததும்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, இலக்கியப் பொருள் ஒன்றை எழுதித் தருவதே நம் கருத்தாக இருந்தது. தமிழாசிரியருக்கு அதுவே இயல்பு. ஆயினும் அவ்வாரம் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று நம் சிந்தையை வேறு வழியிற் செலுத்திற்று.

நம்மிடம் சாதாரணதர வகுப்புவரை தமிழ் கற்று, பின்னர்க் கணினித் துறையிற் பட்டம் பெற்ற பழைய மாணவர் ஒருவர், நண்பர் இருவருடன் கூடிச் சிறு நிறுவனமொன்றை நடத்தி வருகின்றார். பாடசாலைகளின் மாணவர் வரவு, பரீட்சைப் புள்ளிகள், பெற்றாரின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றைப் பதிந்து வைத்து, பிள்ளை பாடசாலைக்கு வாராத நாளில் வீட்டுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளை அவர்கள் ஆக்கியுள்ளனர். பிறநாட்டுக் கம்பனியொன்று அதனை முழுதாக வாங்க முன்வந்ததாம். "விற்கலாமோ, சேர்?" என்று அவர் கேட்டார். நாம் ஒரு கணமும் எண்ணாது, "தாராளமாக விற்றுவிடும் தம்பி, கல்லூரிக்கும் பெருமை" என்றோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "பிள்ளைகளுடைய விவரங்களும் அதனோடு போகுமே, சேர். அதிபர்மாரும் தாய்தந்தையரும் எங்கள் முகத்தைப் பார்த்தல்லவா தந்தவர்கள்?" என்றார்.

அவ்வினாவுக்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. அவசரப்பட்டு உரைத்தமைக்காக நாணினோம். ஆசிரியர் தாம் அறியாததைக் கற்ற பின்னரே கற்பித்தல் வேண்டும். ஆதலின், நம் காலத்திலேயே கட்டப்பெற்று, வளர்ந்து, விற்கப்பெற்ற நிறுவனமொன்றின் வரலாற்றைத் தேடிக் கற்றோம். அக்கல்வியின் பயனே இக்கட்டுரை.

தொடக்க நிறுவனம் என்பது யாது?

சந்தியிலே கடை வைப்பவர் தம் கைம்முதலைக் கொண்டு தொடங்கி, வரும் இலாபத்தைக் கொண்டு மெல்ல மெல்ல விரிப்பர். தொடக்க நிறுவனம் அத்தகையதன்று. அது புதியதொரு கருவியை ஆக்கி, இலாபம் வருமுன்னரே இலட்சக்கணக்கானோரிடம் அதனைப் பரப்ப முயல்வது. அதற்கு வேண்டிய பொருளை முதலீட்டாளர் தருவர். அது கடனன்று, அதற்கு வட்டியில்லை. அதற்கீடாக நிறுவனத்தின் பங்குகளில் ஒரு பகுதியை அவர் பெறுவர். பங்கின் பெறுமதி ஏறிய பின்னர் அதனைப் பணமாக்கினாலன்றி அவர்க்குப் பயனில்லை. பணமாக்கும் வழிகள் பெரும்பான்மையும் இரண்டே. ஒன்று, பங்குச் சந்தை வாயிலாகப் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றல். மற்றையது, நிறுவனத்தையே பெரியதொரு கம்பனிக்கு விற்றல். ஆகவே, இத்தகைய முதலை ஏற்ற நாளிலேயே விற்பனைக்கான வித்தும் ஊன்றப்படுகின்றது. இதனை இளைஞர் முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும்.

கட்டிய வரலாறு

நாம் எடுத்துக்கொண்டது வட்ஸ்அப்பின் வரலாறு. இம்மலரைப் படிப்போருள் அதனை அறியாதார் இலர் எனலாம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் நம் பழைய மாணவர் பலர் ஊரிலுள்ள தாயாருடன் முகம் பார்த்துப் பேசுவது அதன்வழியே. இம்மலருக்கான பழைய படங்கள் பல வந்து சேர்ந்ததும் அதன்வழியேயாம்.

அதனை ஆக்கியவருள் முதல்வர் ஜான் கூம் என்பார். அவர் 1976 இல் உக்ரேனின் கீவ் நகரிற் பிறந்தவர். அந்நாடு அப்பொழுது சோவியத் ஆட்சியின் கீழ் இருந்தது. தொலைபேசியிற் பேசுவதை எவரும் ஒட்டுக்கேட்கக்கூடும் என்னும் அச்சம் அங்கு வீடுதோறும் இருந்தமையை அவரே பின்னாளில் எடுத்துரைத்துள்ளார். 1992 இல், பதினாறு வயதில், தாயாருடன் கலிபோர்னியாவிலுள்ள மவுண்டன் வியூ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அரசின் உணவு முத்திரையைப் பெற்று வாழ்ந்த குடும்பம் அது. கடையொன்றில் தரை கூட்டும் வேலையையும் அவர் செய்தார். பின்னர் யாஹூ நிறுவனத்திற் பொறியியலாளராகச் சேர்ந்து, ஆங்கே பிறையன் அக்ரன் என்பாரை நண்பராகப் பெற்றார். இருவரும் 2007 இல் அவ்வேலையை விட்டு நீங்கினர். அக்ரன் 2009 இல் பேஸ்புக் நிறுவனத்தில் வேலை கேட்டு மறுக்கப்பட்டார் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

2009 பெப்ரவரி 24 ஆம் நாள் கூம் தம் நிறுவனத்தைப் பதிவு செய்தார். அவர் முதலில் எண்ணியது செய்தி அனுப்பும் கருவியன்று. "வேலையாய் இருக்கிறேன்", "பற்றரி முடிகின்றது" என்றாற்போலத் தம் நிலையை ஒருவர் நண்பர்க்கு அறிவிக்கும் சிறு செயலியே அவர் ஆக்கியது. அதனைப் பயன்படுத்துவோர் சிலரே. செயலியும் அடிக்கடி நின்றுபோயிற்று. மனம் சோர்ந்து வேறு வேலை தேட எண்ணியவரை, இன்னுஞ் சில மாதம் பொறுக்கும்படி அக்ரனே தடுத்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், புதிய செய்தி வந்தமையைத் தொலைபேசி தானே அறிவிக்கும் வசதியை அப்பிள் நிறுவனம் ஏற்படுத்திற்று. அதன்பின் மக்கள் அந்நிலைக் குறிப்புக்களையே ஒருவருக்கொருவர் சொல்லும் செய்தியாகக் கையாளத் தொடங்கினர். கூம் அதனைக் கண்டு, செயலியைச் செய்திக் கருவியாகவே திருத்தியமைத்தார். பயன்படுத்துவோர் தொகை இரண்டரை இலட்சமாக உயர்ந்தது. ஒக்டோபரில் அக்ரன், யாஹூவிற் பணிபுரிந்த நண்பர் ஐவரிடமிருந்து இரண்டரை இலட்சம் டொலர் திரட்டி, இணை நிறுவுநராகச் சேர்ந்தார்.

வளர்ந்த வரலாறு

இந்நிறுவனம் வளர்ந்தமைக்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, எளிமை. பயன்படுத்துவோர் புதுப்பெயரோ கடவுச்சொல்லோ வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தொலைபேசி எண்ணே அடையாளம். தொலைபேசியில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த உறவினரும் நண்பருமே அவருடன் பேசுவோராயினர். விலைகூடிய தொலைபேசிக்கு மட்டுமன்றி, நொக்கியா போன்ற மலிந்த தொலைபேசிகளுக்கும் செயலியை ஆக்கினர். பிறநாட்டுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதற்குத் தொலைபேசிக் கம்பனிகள் பெருங்கட்டணம் பெற்ற காலம் அது. ஆதலால் வறிய நாடுகளிலும், குடும்பம் பல நாடுகளிற் சிதறிய மக்களிடையேயும் அஃது விரைந்து பரவிற்று.

இரண்டாவது, சிக்கனம். சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக ஆக்கிய எர்லாங் என்னும் கணினி மொழியை அவர்கள் தெரிந்தெடுத்தனர். பல்லாயிரம் இணைப்புக்களை ஒருங்கே தாங்குவதற்கென்றே பிறந்த மொழி அது. அதன் உதவியால் ஒரே கணினியில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புக்களைத் தாங்கும் நிலையை 2012 இல் எய்தினர். 2014 இன் தொடக்கத்தில் 45 கோடி மக்கள் பயன்படுத்திய அக்கருவியைப் பேணியோர், எல்லாப் பணியாளரையுஞ் சேர்த்து, 55 பேர் மட்டுமே.

மூன்றாவது, வாக்குறுதி. விளம்பரம் இல்லை, விளையாட்டு இல்லை, ஏமாற்று வித்தை இல்லை என்னும் பொருள்பட அக்ரன் எழுதிய சிறு குறிப்பு கூமின் மேசையில் இருந்தது. ஆண்டுக்கு ஒரு டொலரே கட்டணம். அதனையும் எல்லாரிடமும் பெறவில்லை. விளம்பரத்தால் வாழும் நிறுவனத்துக்கு மக்களின் விவரமே விற்பனைப் பொருளாகிவிடும் என்று 2012 இல் வெளிப்படையாக எழுதினர். ஒட்டுக்கேட்போருக்கு அஞ்சி வாழ்ந்த நாட்டிற் பிறந்தவர் இவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. மக்கள் அதனை நம்பினர்.

இதற்கிடையில் செக்குவோயா என்னும் முதலீட்டு நிறுவனம் 2011 இல் 80 இலட்சம் டொலரும், 2013 இல் மேலும் 5 கோடி டொலரும் இட்டது. நாம் முன்னர்க் கூறிய வித்து இவ்வாறு ஊன்றப்பட்டது.

விற்ற வரலாறு

2014 பெப்ரவரி 19 ஆம் நாள், பேஸ்புக் நிறுவனம் வட்ஸ்அப்பை ஏறத்தாழ 1900 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதில் 400 கோடி பணம். எஞ்சியது பேஸ்புக்கின் பங்குகள். ஐந்தாண்டின் முன் அக்ரனுக்கு வேலை மறுத்த அதே நிறுவனம் அது. முன்னொரு காலத்தில் உணவு முத்திரைக்காகத் தாம் வரிசையில் நின்ற அலுவலகத்தின் கதவிலே பத்திரத்தை வைத்துக் கூம் கையொப்பமிட்டார். வறுமையினின்று எழுந்த ஒருவரின் வாழ்வில் அஃது உயர்ந்த நாளேயாம். அதனைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. எதுவும் மாறாது, விளம்பரம் வாராது என்று அன்று அவர் மக்களுக்கு உறுதியும் கூறினார்.

பின்பு நிகழ்ந்தவற்றை ஆண்டுமுறையிற் காண்போம். 2016 ஏப்பிரலில், அனுப்புவோரும் பெறுவோருமன்றிப் பிறர் படிக்கவியலாதவாறு எல்லாச் செய்திகளும் மறைகுறியாக்கப்பட்டன. இது விற்பனையின் பின் நிகழ்ந்த நன்மை. ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில், பயன்படுத்துவோரின் தொலைபேசி எண் முதலிய விவரங்களைப் பேஸ்புக்குடன் பகிரும் வகையில் விதிகள் மாற்றப்பட்டன. இரு நிறுவனங்களின் கணக்குகளையும் தானாகவே நம்பகமாக இணைத்தல் இயலாது என்று 2014 இல் பேஸ்புக் ஐரோப்பிய ஆணைக்குழுவுக்குத் தெரிவித்திருந்தது. அத்தகவல் தவறான கருத்தைத் தருவது எனக் கண்ட ஆணைக்குழு, 2017 மே மாதத்தில் 11 கோடி யூரோ தண்டம் விதித்தது.

விளம்பரத்தால் வருவாய் பெறும் முயற்சியை ஒட்டி மனவேற்றுமை முற்றவே, 2017 இல் அக்ரன் விலகினார். தமக்கு இன்னும் வந்து சேராதிருந்த பங்குகளை அவர் விட்டுச் சென்றார்; அவற்றின் பெறுமதி ஏறத்தாழ 85 கோடி டொலர். தம் இசைவின்றி வருவாய் முயற்சி தொடங்கின் பங்குகள் முழுவதும் உடனே தமக்குரியனவாகும் என்னும் விதி ஒப்பந்தத்தில் இருந்ததென்று அவர் பின்னர்க் கூறினார். முயற்சியை ஆராய்தல் வேறு, தொடங்குதல் வேறு என்பது மறுதரப்பின் வாதம். அவர் வழக்காடவில்லை. கூமும் 2018 இல் விலகினார். பயனாளரின் அந்தரங்கத்தைப் பெரியதோர் இலாபத்துக்காகத் தாம் விற்றுவிட்டதாகவும், அந்நினைவோடு நாடோறும் வாழ்வதாகவும் அவ்வாண்டில் அக்ரன் செவ்வியொன்றில் ஒப்புக்கொண்டார். விளம்பரத்தைத் தனிப்பட்ட உரையாடல்களினுள் அன்றி, செயலியின் வேறொரு பகுதியில் இடுவதாக 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது.

கற்க வேண்டியவை

இவ்வரலாற்றை நாம் படித்தபொழுது, முன்னர் எண்ணியிராத ஓர் உண்மை புலனாயிற்று. கூமும் அக்ரனும் பொய்யுரைத்தாரல்லர். உறுதி கூறிய நாளில் அதனை மெய்யாகவே கருதினர். ஆனால் நிறுவனத்தை விற்றவர், அதன்பொருட்டுத் தாம் கொடுத்த வாக்கைக் காக்கும் அதிகாரத்தையும் உடன் விற்றவராகின்றார். வீட்டை விற்றவர் முற்றத்து மாமரத்தை வெட்டற்க என்று வாங்கியவரை வேண்டலாம், கட்டளையிட முடியாது.

மேலும், ஒப்பந்தத்தில் இருந்த விதி எதனைக் காத்தது என்று நோக்குக. வாக்கு மீறப்பட்டால் நிறுவுநரின் பங்குக்கு ஈடு உண்டு. பயன்படுத்திய கோடானுகோடி மக்களுக்கு ஈடு யாதும் இல்லை. பின்னாளில் அக்ரன் 5 கோடி டொலர் கொடுத்து, 2018 இல் சிக்னல் என்னும் செய்திச் செயலிக்கென அறநிறுவனமொன்றைத் தோற்றுவித்தார். அதற்குப் பங்காளர் இல்லை; ஆதலால் இலாபத்துக்காக விற்குமாறு நெருக்குவாரும் இல்லை. முதன்முறை வாயாற் சொன்னதை, இரண்டாம் முறை நிறுவனத்தின் அமைப்பிலேயே அவர் பொறித்து வைத்தார். இதுவே அவர் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம்.

தொடக்க நிறுவனமொன்றில் இருவகைப் பொருள் உண்டு. நிரல், பெயர், உழைப்பு, பங்கு என்பன ஒருவகை. இவை ஆக்கியோரின் சொந்தப் பொருள். இவற்றை நல்ல விலைக்கு விற்றல் நேர்மையான வாணிகமே. மக்கள் நம்பித் தந்த விவரங்கள் மற்றொரு வகை. அவை அடைக்கலப் பொருள். சிலப்பதிகாரத்தில் அடைக்கலத்துக்கென்றே ஒரு காதை உண்டு. கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற மாதரி, அவ்வடைக்கலத்தைக் காக்க இயலாது போனமைக்காக எரிபுகுந்தாள். அவ்வளவு கடுமையை இன்று எவரிடமும் நாம் வேண்டவில்லை. ஆனால் அடைக்கலப் பொருளைச் சொந்தப் பொருளாக எண்ணி விலைபேசலாகாது என்பதை மறத்தலாகாது. நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இக்கருத்தையொட்டி ஆக்கப்பட்டுள்ளது.

இரு வாரங்கழித்து அப்பழைய மாணவரை மீண்டும் அழைத்தோம். முன்னர்க் கூறியதை மீளப் பெற்றுக்கொண்டோம். விற்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. மூன்று இளைஞரின் ஐந்தாண்டு உழைப்புக்கு விலை கிடைப்பதைத் தடுக்க நாம் யார்? விலைபேசுமுன் விற்கலாகாதது எதுவென எழுதிக்கொள்க. அதனை ஒப்பந்தத்தில் இடுக. அவ்விதி உம்மைக் காப்பதன்றிப் பிள்ளைகளைக் காப்பதாக இருத்தல் வேண்டும் என்றோம். அவர் ஒவ்வொரு பாடசாலைக்கும் கடிதம் எழுதினார். அதிபரின் எழுத்து மூல இசைவின்றி அப்பாடசாலைப் பிள்ளைகளின் விவரம் கைமாறாது, இசையாதவரின் விவரம் அழிக்கப்படும் என்னும் விதியையும் வாங்குவோருக்கு அனுப்பினார். இம்மலர் அச்சேறும் நாள்வரை அக்கம்பனியிடமிருந்து மறுமொழி வரவில்லை. வாராமலே போகவும் கூடும் என்று அவர் அறிவார்.

இனி வரும் ஆண்டுகளில் நம் மாணவர் பலர் இத்துறையிற் புகுவர். கட்டுவர், வளர்ப்பர், விற்கவும் விற்பர். அவரெல்லாம் பொருளீட்டி வாழ்க. பிறர் நம்பித் தந்தது எதுவென்று அறிந்து, அதனை வேறாக வைத்துப் பேணுவோராகவும் வாழ்க.